உதவி செய்ய மனம் போதாதா, அதற்கும் ஒரு படிப்பா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மானிப்பாயிலிருந்து ஒரு தாயார் அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மகள் உயர்தரப் பரீட்சையைக் கலைப்பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார். போரிலும் இயற்கை அனர்த்தங்களிலும் சிக்கிய மக்களுக்கு உதவுவதைக் கற்பிக்கும் பல்கலைக்கழகப் படிப்புகள் இருப்பதை அறிந்து, அதில் ஆர்வம் கொண்டிருக்கிறார். தாயார் கேட்பது இது: "தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் என் மூத்தவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவள் நான். அன்று எங்களுக்குச் சோறு தந்த கைதடிச் சனம் படித்துப் பட்டம் பெற்றுவிட்டுத் தரவில்லை. இதற்கு ஒரு படிப்பு எதற்கு? துன்பப்பட்ட சனத்தை வைத்து ஆராய்ச்சி செய்வது சரியா? மகளுக்குக் கணக்கும் வராது. அவள் இதைப் படிக்கலாமா?"

சகோதரி, அந்தச் சோற்றுக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. எந்த அனர்த்தத்திலும் முதல் சில மணித்தியாலங்களில் உயிர்களைக் காப்பாற்றுகிறவர்கள் அயலவர்கள்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் எப்போதும் பிந்தித்தான் வருகிறார்கள். ஆனால் இரண்டாவது வாரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பாடசாலையில் ஆயிரம் பேர் தங்கி, இருக்கும் நான்கைந்து மலசலகூடங்களும் நிரம்பி, கிணறு வற்றத் தொடங்கி, பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக வயிற்றோட்டம் பிடிக்கும்போது, யாருக்கு எதை முதலில் செய்வது என்பதை நல்ல மனம் மட்டும் சொல்லித் தராது. நான் பொதுச் சுகாதாரம் கற்பிக்கிறவன் என்பதால் வயிற்றோட்டத்தைக் கொண்டே விளக்குகிறேன். என் துறைப்பற்று என்று நினைத்தாலும் பரவாயில்லை.

1971 இல் பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்து எல்லை நகரமான பொங்காவில் கொலரா பரவியது. அன்றைய சிகிச்சை நாளத்தின் வழியாகச் சேலைன் ஏற்றுவது மட்டுமே. வைத்தியசாலைத் தரையெங்கும் நோயாளிகள் கிடக்க, சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கு பணியாற்றிய வைத்தியர் திலீப் மஹலனாபிஸ், கல்கத்தாவில் இருந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். உப்பும் குளுக்கோசும் சேர்ந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால், கொலரா பிடித்த குடலும் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆய்வில் தெரிந்திருந்தது. 1968 இல் டாக்காவிலிருந்து அதுபற்றிய சோதனை முடிவுகளும் வெளிவந்திருந்தன. ஆனால் பயிற்சி பெற்ற தாதியர் இல்லாத முகாமில், நோயாளியின் தாயோ தமக்கையோ குவளையில் அள்ளிப் பருக்கினால் அது வேலை செய்யுமா என்பதை யாரும் அறிந்திருக்கவில்லை. அவர் கல்கத்தாவில் உப்பு, சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை நிறுத்துப் பொதி செய்வித்து, முகாமில் பெரிய பீப்பாய்களில் கரைத்து, உறவினர் கையிலேயே கொடுத்தார். எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதியும் வைத்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே நூற்றுக்கு 4 இற்கும் கீழே இறங்கியது. இன்று நீங்கள் பாமசியில் வாங்கும் ஜீவனிப் பொதி அந்த வழியில் வந்ததுதான். அவர் எழுதி வைத்ததற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. எழுதி வைக்காமல் விட்டிருந்தால், அது ஒரு நல்ல வைத்தியர் செய்த நல்ல காரியமாக அந்த முகாமோடு முடிந்திருக்கும்.

படிப்பு எதற்கு என்பதற்கு மறுமொழி இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, மிகக் கொடூரமான முறையில் கிடைத்தது. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் அன்றைய சயீர் நாட்டின், இன்றைய கொங்கோவின், கோமா நகரைச் சென்றடைந்தார்கள். அங்கு நிலம் எரிமலைப் பாறை. மலசலகூடக் குழி வெட்ட முடியவில்லை, பிணங்களைப் புதைக்கவும் முடியவில்லை. கொலராவும் வயிற்றுளைவும் சேர்ந்து முதல் மாதத்தில் ஏறத்தாழ 50,000 உயிர்களைக் கொண்டுபோயின. உதவ வந்தவர்களுக்குக் குறைவில்லை, மனமும் இருந்தது. டாக்காவிலிருந்து அங்கே சென்ற வயிற்றோட்ட நோய் ஆய்வு நிலையத்தின் குழு, சிகிச்சை நிலையங்கள் இருந்தும் இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்று ஆராய்ந்து மறு ஆண்டே எழுதியது: நீரை மிக மெதுவாக ஏற்றினார்கள், வாய்வழி நீரூட்டலைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை, பொருந்தாத சேலைனைப் பயன்படுத்தினார்கள், பலருக்குக் கொலராவைக் கையாண்ட அனுபவமே இல்லை. பொங்காவில் தாய்மார் குவளையால் செய்த வேலையைக் கோமாவில் வைத்தியர்களும் தாதியர்களும் சரியாகச் செய்யவில்லை. அறிவு உலகில் இருந்தது. அது வேண்டிய கைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பயிற்சி என்று நான் சொல்வது இந்தப் போய்ச் சேருதலைத்தான்.

ருவாண்டா அகதிகள் விடயத்தில் உதவி அமைப்புகளுக்கு ஏற்பட்ட வெட்கத்தின் விளைவாகவே 1997 இல் ஸ்பியர் என்ற முயற்சி தொடங்கி, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம், தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் இடம் என்று அவை போகின்றன. நான் சொன்ன பாடசாலையில் ஆயிரம் பேர் என்றால், 5,000 லீற்றர் பவுசர் நாளுக்கு மூன்று தடவை வரவேண்டும், ஐம்பது மலசலகூடங்கள் வேண்டும். இதைக் கேட்டதும் கிராம அலுவலர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் இந்த எண்களை மனனம் செய்வதும் படிப்பு ஆகாது என்பதை யாழ்ப்பாணத்து நிலமே காட்டும். மலசலகூடக் குழி நிலத்தடி நீர் மூலத்திலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும், அதன் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும் என்பது பொது விதி. வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இந்தத் தூரங்களை அதிகரிக்க வேண்டும் என்பது அதே விதியின் தொடர்ச்சி. அவசரத்தில் வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கல்லுக்குள் எவ்வளவு வெளி இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மணலில் மெல்ல வடிந்து தூய்மையாகும் நீர், இங்கே வெடிப்பு வழியாக வடிகட்டப்படாமலே அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போய்விடும். மாரியில் நீர்மட்டம் நிலத்துக்கு மிக அருகே ஏறிவிடும் இடங்களில் அந்த ஒன்றரை மீற்றருக்கு இடமே இல்லை. அங்கே குழியைத் தோண்டாமல் மேடையாக உயர்த்திக் கட்டுவதா, தொட்டி வைத்து பவுசரால் அகற்றுவதா, எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு குளோரீன் என்பதையெல்லாம் ஜெனீவாவில் இருந்து ஒருவர் தீர்மானிக்க முடியாது. இங்கே புவியியலும் பொறியியலும் பொதுச் சுகாதாரமும் படித்தவர்கள் வெள்ளம் வருவதற்கு முந்திய ஆண்டுகளில் அளந்து வைத்திருக்க வேண்டிய விடயம் அது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது கிணற்றுக்குள் வெள்ளம் போன வீடுகள் எத்தனை என்று நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது கேள்வி, துன்பப்பட்டவர்களை ஆராய்வது சரியா என்பது, உண்மையில் முதலாவதைவிடக் கடினமானது. கேள்விக்கொத்தோடு ஒருவர் வாசலுக்கு வந்ததும், "இதற்குப் பதில் சொன்னால் வீட்டுத்திட்டத்தில் பெயர் வருமா, தம்பி" என்று கேட்ட ஒரு முதியவரை நானே கண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையோடு கொடுக்கப்படும் சம்மதம் சம்மதமே அல்ல. வராது, நீங்கள் மறுத்தாலும் உங்கள் நிவாரணம் குறையாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சொன்ன பிறகு அவர் கதவைச் சாத்தினால் திரும்பிவர வேண்டும். உளத் துயரைப் பற்றிய கேள்விகளில் இன்னும் கவனம் தேவை. பேரிழப்பைச் சந்தித்தவரை உடனே அழைத்து, ஒரேயொரு அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைத்து அனுப்பிவிடும் முறை நன்மை தரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆராய்ச்சி அதற்கு ஆதரவு தரவில்லை, 2007 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல்களும் அதைச் செய்ய வேண்டாம் என்றே கூறின. இதையும் ஆராய்ச்சிதான் கண்டுபிடித்தது என்பதைக் கவனியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரின் மனத்துக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் உறவுகளிலும் இருக்கிறது என்று எழுதினார். இங்கேயே இருந்து, இந்த மக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர் கண்ட கருத்து அது. இரண்டு வாரத்துக்கு வந்து போகிற ஆய்வாளருக்கு அது அகப்பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

படிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பார்பரா ஹரல்-பொண்ட் 1982 இல் அகதிகள் ஆய்வுக்கான பிரிவைத் தொடங்கினார். அகதிகளைக் கேட்காமலே அவர்களுக்காகத் தீர்மானிக்கும் உதவி முறையை அவர் கடுமையாக விமர்சித்தவர். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1986 முதல் சுகாதாரத் துறையினருக்காக ஒரு குறுகிய காலப் பயிற்சியை நடத்திவருகிறது. பெரும்பாலானவை முதுநிலைப் படிப்புகள். ஆகவே மகள் முதலில் ஒரு துறையை உறுதியாகப் படிக்கட்டும். புவியியல், சமூகவியல், சட்டம் எதுவும் பொருந்தும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்றுக்கொள்வது அதைவிடப் பொருந்தும்.

கணக்கு வராது என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் துறையின் மிக முக்கியமான கணக்கை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு ஒருவருக்கு மேல் இறந்தால் அது அவசர நிலை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. 20,000 பேர் உள்ள முகாமில் பத்து நாட்களில் முப்பது பேர் இறந்திருந்தால் எல்லை தாண்டப்பட்டுவிட்டதா என்பதை மகளிடம் கேட்டுப் பாருங்கள். வகுக்கத் தெரிந்தால் போதும். அந்த முப்பது என்ற எண்ணை, புதைத்தவர்களிடமும் கோயில் ஐயரிடமும் விதானையாரிடமும் விசாரித்துச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் கடினமான பகுதி, அதற்குக் கலைப்பிரிவு மாணவி ஒருத்தியே பொருத்தமானவள்.