ஆப்பில் எழுதுவதை நன்னடத்தை அலுவலர் பார்ப்பாரா? குடியாத்தம் சகோதரியின் கேள்வி

சரி, அடுத்த கேள்வி குடியாத்தத்தில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கோர்ட்டில் குற்றம் நிரூபணமாகி, ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டிருக்கிறார்கள், மாதாமாதம் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டுமாம். ராத்திரி தூக்கமில்லை, ஒரே படபடப்பு, அதனால் போனில் ஒரு மனநல ஆப் போட்டிருக்கிறார். அதில் எழுதுவதெல்லாம் அலுவலருக்குப் போகுமா, பிணை கேன்சல் ஆகிவிடுமா என்று கேட்கிறார்.

தானாகப் போகாதும்மா. அமெரிக்காவில் சில இடங்களில், இருக்கும் இடத்தைக் காட்டி செல்ஃபி எடுத்து அனுப்புகிற கண்காணிப்பு ஆப் உண்டு, அந்த மாதிரி வீடியோ எதையோ பார்த்துப் பயந்துவிட்டீர்கள் போல. நீங்கள் போட்டிருப்பது அது இல்லை. இங்கே 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, உங்கள் உத்தரவில் எழுதியிருப்பதுதான் நிபந்தனை: எங்கே குடியிருக்க வேண்டும், போதைப் பொருள் தொடக்கூடாது, இப்படி. கண்காணிப்பு உத்தரவு போட்டால் அதன் நகலை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று 4ஆவது பிரிவே சொல்கிறது. இல்லையென்றால் கேட்டு வாங்கி, யாரையாவது வைத்தாவது முழுசாகப் படியுங்கள். மூச்சுப் பயிற்சி செய்தேன், இன்றைக்கு அழுதேன் என்று எழுதுவதால் எந்த நிபந்தனையும் உடையாது.

எனக்கு அலுவலரை விட வீடுதான் கவலை. நம்ம ஊர்ப்பக்கம் நிறைய வீட்டில் பெண்ணுக்கென்று தனி போன் கிடையாது, பையன் கேம் விளையாடுவதும் வீட்டுக்காரர் எடுத்துப் பார்ப்பதும் அதே போன்தான், அதில் மாமியார் சண்டையையும் கேஸ் விஷயத்தையும் எழுதி வைத்தால் யார் முதலில் படிப்பார்கள் என்று யோசியுங்கள். ஆப்புக்குத் தனியாகப் பூட்டு போட முடிந்தால் போடுங்கள். காண்டாக்ட், மைக், லொகேஷன் கேட்டால் கொடுக்காதீர்கள், தூக்கத்துக்கு எதற்கு உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்? மாதவிடாய் கணக்கு வைக்கும் ஃப்ளோ ஆப், பெண்களின் தகவலை ஃபேஸ்புக், கூகுள் வரைக்கும் கொடுத்தது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி குற்றம் சாட்டி, 2021இல் அது சமரசத்தில் முடிந்தது. பெரிய ஆப்புக்கே அந்தக் கதி.

இன்னொன்று, குடிக்கக் கூடாது என்று உத்தரவில் இருந்து, ஒருநாள் தவறிவிட்டால், அதை ஆப்பில் தேதி போட்டு எழுதாதீர்கள். நாளைக்கு வேறு ஏதாவது கேஸில் போலீஸ் போனை எடுத்தால் அது வெளியே வரும். மறைக்கச் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லுங்கள் என்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உங்கள் ரகசியத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. கோர்ட் உத்தரவு மாதிரி சில விதிவிலக்கு அதிலும் இருக்கிறது, ஆனாலும் முன்பின் தெரியாத கம்பெனியின் சர்வரை விட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஆப் வைத்தியம் பார்க்காது. எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்று குறித்துக்கொள்ள, கையெழுத்துப் போடும் தேதிக்கு அலாரம் வைக்க (அலாரத்தின் பெயர் 'கேஸ்' என்று வேண்டாம், 'ரேஷன்' என்று வையுங்கள்) நல்லது, அவ்வளவுதான். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும், அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவைக் கேளுங்கள். போக முடியாத ராத்திரியில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், பட்டன் போனே போதும். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று தோன்றினால் ஆப்பைத் திறந்துகொண்டு உட்காராதீர்கள், உடனே அந்த நம்பர்.

அலுவலர் போனைக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார். சண்டை போட வேண்டாம், "வக்கீலைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, போனில் கேட்க 15100. உத்தரவு நகலைக் கையோடு எடுத்துப் போங்கள், அதைப் பார்க்காமல் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.