சங்குக்குள் கேட்ட இரைச்சல்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. ஆனால் அதற்கு வெகுமுன்பே கடல் சத்தம் கேட்டாயிற்று. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பண்டாரத் தாத்தா ஒருவர் இருந்தார். சாவு வீட்டில் ஊதுகிற சங்கை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். "காதுல வச்சுப் பாருடா, கடல் இரையும்" என்பார்.

இரைந்தது உண்மை. ஆனால் அது கடல் இல்லை. சுற்றியுள்ள சத்தம் சங்கின் வளைவுக்குள் புகுந்து, அதில் சிலது மட்டும் பெருத்துக் காதில் விழுகிறது. அப்படியென்றால் நான் கேட்டது எங்கள் மலைக்காற்றையும் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ஓடிய மெஷினையும்தான்!

இந்தச் சங்கு ஒரு கடல் நத்தையின் ஓடு. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் மணலில் புதைந்து, புழுக்களைத் தின்று வாழ்கிறது. கடலிலிருந்து எடுக்கும்போது வெள்ளையாக இருக்காது. மேலே பழுப்புத் தோல் மூடியிருக்கும். பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரில் மிதந்து தூரதேசம் போகும். சங்குக் குஞ்சுக்கு அந்தப் பருவமே கிடையாது. குட்டிச் சங்காகவே முட்டைக்கூட்டை விட்டு ஊர்ந்து வந்து, அக்கம்பக்கத்து மணலிலேயே தங்கிவிடும்.

சரி, வலம்புரிக்கு வருவோம். சாதாரணச் சங்கு இடம்புரி. எதிர்ப்பக்கமாகச் சுழன்றது மிக அரிது, அதனால்தான் அந்த விலை. என் மாமா திருவிழாக் கடையொன்றில் ஒன்றை வாங்கி வந்து பூசையில் வைத்தார். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் இருக்கும். மாமா வாங்கி வந்ததில் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கக் கடலில் ஒரு நத்தை இயல்பாகவே அந்தப் பக்கம் சுழலும். அதைத்தான் வலம்புரி என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பண்டாரத் தாத்தாவின் சங்கு அசல். அவருடைய பாட்டன் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்ததாம். 1914-இல் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். சங்கு கிடக்கும் அதே கடலுக்கு மேலேதான் அந்தத் தோணியும் வந்தது. இப்போது அதை ஊதுவது தாத்தாவின் பேரன். போன மாதம் அத்தையின் சாவுக்கு ஊதினான். வாயருகே விரிசல் விட்டிருக்கிறது, மெழுகு வைத்து அடைத்திருக்கிறான்.