கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, தூறல் விழுந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மனநோய் தீர மருத்துவம் மட்டுமே போதுமா, மரபு வழி வந்த நம்பிக்கையும் துணைக்கு வேண்டுமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் எதிரணித் தலைவி பேசினார். நன்றாகவே பேசினார். மனநோய் தீரும் என்று நம்பி ஜனங்கள் கூட்டி வருகிற தர்கா இருக்கிற ஏர்வாடியைச் சொன்னார். 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன்னே ஓலைக் கொட்டகையில் தீ. காலில் சங்கிலியோடு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. "அவர்களிடம் போய்ப் பேசுங்கள் உங்கள் நம்பிக்கையை" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். இந்தப் பந்தலே அமைதியாகிவிட்டது. எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. அதற்கு முன் உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தூரம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைஜீரியாவில், லாகோஸ் நகரத்துக்கு வடக்கே, அபெயோகுட்டா என்று ஒரு ஊர். அந்தப் பக்கத்து யொரூபா மக்களின் மொழியில் 'பாறைக்கு அடியில்' என்று அர்த்தம். ஒலுமோ என்ற பெரும் பாறையின் நிழலில் வளர்ந்த ஊர் அது. 1923இல் அங்கே பிறந்தவர் தாமஸ் அடெயோய் லாம்போ. பர்மிங்காமில் மருத்துவம் படித்தார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் மனநல மருத்துவம் பயின்றார். மேலைநாட்டில் மனநல மருத்துவம் படித்து ஊர் திரும்பிய முதல் நைஜீரியர் என்று அவரைச் சொல்வார்கள்.

அவர் திரும்பி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1953இல் கரோதர்ஸ் என்ற மருத்துவர் ஆப்பிரிக்கர்களின் மனத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெளியிட்டது உலக சுகாதார நிறுவனம். ஆப்பிரிக்கன் தன் மூளையின் முன்பகுதியைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று அதில் எழுதினார். மூளையில் அறுவை செய்து அந்தப் பகுதியைத் துண்டித்த ஐரோப்பியனோடு ஒப்பிட்டார். ஒரு கண்டத்தையே இப்படி எழுதி, அச்சிட்டு, உலகம் முழுக்க அனுப்பினார்கள். அந்தக் கருத்தை ஆய்வுகளோடு எதிர்த்து எழுதியவர்களில் லாம்போ முன்னால் நின்றவர். அவருக்கு இருந்த நெருக்கடியையும் யோசியுங்கள். 'நாங்களும் உங்களைப் போலத்தான்' என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் நின்றவர் அவர். அப்படிப்பட்டவர் சொந்த ஊர் வைத்தியரையும் பூசாரியையும் தூரத் தள்ளுவதுதான் வழக்கம். படித்த பிள்ளை ஊருக்கு வந்தால் முதலில் அதைத்தானே செய்கிறது?

லாம்போ செய்தது வேறு. 1954இல் அபெயோகுட்டாவுக்குப் பக்கத்தில் ஆரோ மனநல மருத்துவமனைப் பொறுப்புக்கு வந்தார். கட்டடம் முழுதாக முடியவில்லை, நோயாளிகள் காத்திருந்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். "உங்கள் வீட்டில் ஓர் அறையை என் நோயாளிக்கு வாடகைக்குத் தர முடியுமா?" என்று கேட்டார். கூடுதல் அறை கட்டக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். கிராமத்துக்குக் குடிநீரும் கழிப்பிடமும் வந்தன. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நோயாளியோடு உறவினர் ஒருவராவது கூடவே தங்க வேண்டும். அம்மாவோ அக்காவோ அண்ணனோ வந்து சமைத்துப் போட்டு, துணி துவைத்து, காலையில் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு நடத்தி வர வேண்டும்.

மருத்துவமனையில் அந்தக் காலத்து லண்டனில் கிடைத்த சிகிச்சை கிடைத்தது. புதிதாக வந்திருந்த குளோர்புரோமசின் மாத்திரை, மின்னதிர்வுச் சிகிச்சை எல்லாம் உண்டு. பொழுது சாய்ந்தால் கிராமம். அங்கே லாம்போ சம்பளம் கொடுத்து அமர்த்திய மரபு வைத்தியர்கள் இருந்தார்கள். ஆட்டம், பாட்டு, சடங்கு, குழுவாக உட்கார்ந்து மனத்தில் உள்ளதைச் சொல்வது என்று மாலைகள் போயின. ஒரு அரசாங்க மருத்துவமனையின் கணக்கில் மந்திரம் சொல்கிறவருக்கும் சம்பளம் எழுதியிருக்கிறார் மனிதர். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

"சரி, உறவினர் இருந்தால் போதுமே, சாமியாடி எதற்கு?" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். அமிர்தசரஸ் மருத்துவர் வித்யாசாகரையும் சுட்டிக் காட்டினார். 1950களில் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியின் குடும்பத்தைக் கூடவே தங்க வைத்த பெரிய மனிதர் அவர். நியாயமான கேள்விதான்.

இதற்கு நான் பதில் சொல்வதைவிட ஓர் ஆற்றங்கரை சொல்லட்டும். ரேமண்ட் பிரின்ஸ் என்று ஒரு கனடிய மனநல மருத்துவர். லாம்போவின் ஆரோ மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே யொரூபா வைத்தியர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து எழுதி வைத்தவர். புத்தி பேதலித்து வந்தவர் தேறியதும் வைத்தியர் அவரை ஆற்றுக்கு அழைத்துப் போவார். தலையை மழிப்பார்கள். புறாக்களைப் பலி கொடுப்பார்கள். நோய்க்காலத்தில் உடுத்தியிருந்த பழைய துணியைக் கழற்றி ஆற்றில் விடுவார்கள். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகும். புதுத்துணி உடுத்திக் கரையேறுவார். சொந்தக்காரர்கள் அங்கேயே காத்திருப்பார்கள்.

ஐயா, நம் மருத்துவமனையில் குணமாகி வெளியே வருகிறவர் கையில் என்ன கொடுக்கிறோம்? ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்துத் தெருக்காரர்கள் "இனிமேல் இவர் நல்லவர்" என்று சொல்வார்களா? பத்து வருஷம் கழித்தும் "அது கொஞ்சம் ஒரு மாதிரி" என்றுதானே காதில் கிசுகிசுப்பார்கள்? ஆற்றங்கரையில் ஊர் பார்க்க ஒருவர் பழைய துணியை விட்டுவிட்டு வரும்போது, நோய் போய்விட்டது என்பதை அவரும் நம்புகிறார், ஊரும் நம்புகிறது. எங்கள் பக்கத்தில் காவிரியில் முழுக்குப் போட்டு மொட்டை அடித்துக்கொண்டு வருகிறவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிற மனசு உண்டல்லவா? அதுதான் இது. கூடாரத்தில் தங்கிய குடும்பம் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும். அவரை மறுபடி ஊருக்குள் கொண்டு வந்து உட்கார வைக்க மரபுக்குத்தான் வழி தெரியும்.

இன்னொன்றும் உண்டு. யொரூபா மக்களுக்கு அம்மைநோயின் தெய்வம் ஒன்று இருக்கிறது, சோப்போனா என்று பெயர். மனம் கலங்குவதையும் அந்தத் தெய்வத்தின் கோபத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமா? "உன் மூளையில் கோளாறு" என்று கேட்கிற பிள்ளையும் "சாமி குத்தம், சரி பண்ணிவிடலாம்" என்று கேட்கிற பிள்ளையும் ஒரே மாதிரி தலை நிமிர்ந்து உட்காருமா?

"மூலிகைக்காரனுக்கு என்ன தெரியும்" என்பவர்களுக்கும் ஒரு சேதி. அந்த யொரூபா வைத்தியர்கள் மூர்க்கமான நோயாளிக்குக் கொடுத்த வேர் ரவுல்ஃபியா இனத்துச் செடி. நம் ஊர் சர்ப்பகந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. நம் சர்ப்பகந்தி புத்தி பேதலிப்புக்கு வேலை செய்கிறது என்று 1931இலேயே சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. நவீன மனநல மருந்துகளின் முதல் வரிசையில் நின்ற மருந்து அது. கடல் தாண்டி இரண்டு மண்ணில், ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு வைத்திய மரபுகள் ஒரே குடும்பத்துச் செடியைத் தோண்டி எடுத்திருக்கின்றன.

இப்போது ஏர்வாடிக்கு வருகிறேன். அந்தக் கொட்டகை தர்கா அல்ல. தனியார் நடத்திய விடுதி. அங்கே இருந்த விடுதிகளுக்கு உரிமம் இல்லை. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உரிமம் கேட்டது, கேட்பாரில்லை. பல குடும்பங்கள் பணத்தைக் கட்டி ஆளை விட்டுவிட்டுப் போய்விட்டன. நைஜீரியாவிலும் விலங்கு போட்ட வைத்தியர்கள் இருந்தார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். சங்கிலியை எந்தத் தெய்வத்தின் பெயரால் போட்டாலும் அது குற்றம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்தது, நான் கை தட்டுகிறேன். ஆனால் ஏர்வாடியையும் ஆரோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நம்பிக்கை இருந்தது. ஆரோவில் சொந்தக்காரர் கூடவே படுத்தார், கதவுக்கு வெளியே மருத்துவர் இருந்தார். அந்தக் கொட்டகையில் இரண்டு பேருமே இல்லை. 28 பேரைக் கொன்றது அந்த இல்லாமைதான் என்பது என் வாதம். ஏர்வாடி தர்காவிலேயே பிறகு 'தவா-துவா' என்று, மருந்தும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில் கிடைக்க அரசே ஏற்பாடு செய்தது. எங்கள் அணியின் பக்கம் அரசே வந்து நின்றது என்றுதான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

கோயிலில் தங்கினால் பலன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கிற தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் ஒரு முத்துசுவாமி கோயிலுக்கு வந்து, 31 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை. காலையில் சின்னதாக ஒரு பூஜை, அப்புறம் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரியான வேலை. காசு வாங்கவில்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார். நோயின் கடுமை சுமார் 20 சதவீதம் குறைந்தது என்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 31 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கித் தள்ள முடியாது.

எதிரணி சொன்னதில் எனக்கு உறைத்த ஒன்று உண்டு. கோயில் கோயிலாக அலைந்து வருஷங்களைத் தொலைத்துவிட்டு, முற்றிய பிறகு மருத்துவரிடம் வருகிறார்கள் என்றார்கள். உண்மை. அந்தத் தாமதம் கொடுமையானது. ஆனால் அந்தத் தாமதம் ஏன்? மருத்துவமனை வாசலில் கோயிலைக் கழற்றிப் போடச் சொல்கிறோம். அதனால்தான் ஜனங்கள் கோயிலை முழுசாக முடித்துவிட்டு வருகிறார்கள். லாம்போவின் கிராமத்தில் ஒன்றை முடித்து மற்றொன்றுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன.

லாம்போ பிறகு இபாதான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, துணைவேந்தராகவும் ஆனார். 1971இல் உலக சுகாதார நிறுவனத்துக்குப் போய், 1973 முதல் 1988 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். ஆப்பிரிக்கனுக்கு முன்மூளை வேலை செய்யாது என்ற நூலை வெளியிட்ட அதே நிறுவனம்தான். 2004இல் காலமானார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இரண்டு நிமிஷம் கொடுங்கள். என் சின்னம்மா கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது சின்னம்மாவுக்கு மனசு கலங்கியது. ராத்திரியெல்லாம் தூங்காது, காதில் யாரோ திட்டுகிறார்கள் என்று அழும். முதலில் போன மருத்துவமனையில், கையில் கட்டியிருந்த மந்திரித்த கயிறைப் பார்த்ததும் "முதல்ல இதை அறுத்துட்டு வாங்க" என்றார்கள். ஆத்தா அறுத்தது. சின்னம்மா அன்றைக்குப் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கட்டிய கயிறு போனால் காத்து நிற்க யாரும் இல்லை என்று அது நினைத்தது. அதற்கப்புறம் ஆறு மாதம் எந்த மருத்துவமனைப் பக்கமும் வரவில்லை.

பிறகு ஆத்தா அதைக் குணசீலத்துக்குக் கூட்டிப் போனது. முசிறிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில், பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். 48 நாள் தங்குவது அங்கே வழக்கம். உச்சிகாலத்தில் வரிசையாக உட்கார வைத்து முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். முதல் வாரம் அந்தத் தண்ணீர் பட்டால் சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாவது வாரம் நான் போனபோது கண்ணை மூடி முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தது. வெளியே வாடகைக்கு எடுத்த திண்ணையில் ஆத்தா சமைக்கும். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் கயிறைப் பார்த்தார், முடிச்சு சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "கயிறும் இருக்கட்டும்மா, இந்த மாத்திரையும் இருக்கட்டும்" என்றார். அன்று ராத்திரி துளசித் தீர்த்தத்தோடு சேர்த்து அந்த மாத்திரையை விழுங்கியது சின்னம்மா. இருபத்தேழு வருஷமாக விழுங்குகிறது. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டது.

எதிரணித் தலைவி கடைசியாக ஒரு கேள்வி வைத்தார். "மாத்திரை குணமாக்கியதா, கயிறு குணமாக்கியதா, பிரித்துச் சொல்லுங்கள்" என்றார். போன வாரம் இந்தத் தலைப்பைச் சொல்லி இதே கேள்வியைச் சின்னம்மாவிடமே கேட்டேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "அது எனக்குத் தெரியலய்யா. எங்க ஆத்தா 48 நாளும் எம் பக்கத்துலயே படுத்திருந்துச்சு. அது தெரியும்."

நன்றி. வணக்கம்.