எழுத்தைப் பெரிதாக்குங்கள், கழுத்தை நீட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். முகம் மெல்ல மெல்லத் திரைப் பக்கம் நகரும், தாடை மேலே ஏறும், கண் இடுங்கும். மதியத்துக்குள் கழுத்து வலி. "வயசாயிடுச்சு" என்று அதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதில் பாதியைச் செட்டிங்ஸில் சரிசெய்யலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கண்ணாடி. வெள்ளெழுத்துக்குத் தரும் கண்ணாடி, கையில் புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கானது. சுமார் 40 சென்டிமீட்டர். மானிட்டரோ பெரும்பாலும் 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். பைஃபோகல் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடி) போட்டவர்கள் அதன் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். கழுத்து வலி அங்கேதான் பிறக்கிறது. மானிட்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து சொன்னால், அதற்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். எழுத்து தெரியவில்லை என்றதும் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கை வைப்பது ரெசல்யூஷனில், அதாவது படத்தை எத்தனை புள்ளிகளில் காட்டுவது என்ற அமைப்பில். அதைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், உண்மைதான். கூடவே ஓரமெல்லாம் கலங்கிவிடும். ஏனென்றால் எல்சிடி திரையில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையில், 1280க்கு 720 அளவுப் படத்தை இழுத்துப் பரப்பினால் ஒரு புள்ளியின் நிறம் பக்கத்துப் புள்ளிக்கும் வழியும். மங்கலான கண்ணுக்கு மங்கலான எழுத்தைக் கொடுத்து என்ன பயன்?

ரெசல்யூஷனை அது இருந்த இடத்திலேயே விடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ரெசல்யூஷன் இருக்கும் அதே டிஸ்ப்ளே பக்கத்தில் 'ஸ்கேல்' என்று ஒன்று இருக்கிறது. அதை 125, 150 என்று ஏற்றினால் எழுத்து, படம், பட்டன் எல்லாம் கூர்மை குறையாமல் பெரிதாகும். எழுத்து மட்டும் போதும் என்றால், விண்டோஸ் 11இல் 'ஆக்ஸசிபிலிட்டி' என்ற பகுதிக்குள் 'டெக்ஸ்ட் சைஸ்' இருக்கிறது. 225 சதவீதம் வரை கூட்டலாம். இணையப் பக்கம் படிக்கும்போது கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் போதும். பழைய அளவு வேண்டுமா, கன்ட்ரோலும் பூஜ்ஜியமும்.

தமிழில் படிப்பவர்கள் இன்னும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் நம் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றுபோலத் தெரியும். பிழை திருத்துகிறவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அப்புறம், எல்லாக் கண்ணுக்கும் பெரிய எழுத்தே மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். கண்புரை உள்ளவருக்குக் கண்ணின் லென்ஸில் ஒளி சிதறுவதால் வெள்ளைத் திரை கூசும். கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து அவருக்கு ஆறுதலாக இருக்கும். விண்டோஸில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கேள்வி வரும். சம்மதம் சொன்னால் திரை மாறிவிடும். பிடிக்காவிட்டால் மறுபடி அழுத்துங்கள். சிலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஒளிர்ந்து பரவித் தெரிவதும் உண்டு. விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவருக்கு நன்றாகப் பெரிதாக்குவது உதவும்; விண்டோஸ் விசையோடு பிளஸ் அழுத்தினால் பூதக்கண்ணாடி வரும், விண்டோஸோடு எஸ்கேப் அழுத்தினால் போகும். கண் அழுத்த நோயால் பக்கப் பார்வை சுருங்கியவருக்கோ அளவு மீறிப் பெரிதாக்கினால், தெரிகிற சின்ன வட்டத்துக்குள் இரண்டு சொல்கூட அடங்காது. அவருக்கு எழுத்தைவிட மவுஸ் அம்புக்குறியைப் பெரிதாக்கி, பளிச்சென்ற நிறம் கொடுப்பதுதான் பெரிய உதவி.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் காசு செலவழிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே அதைப் பரிந்துரைக்கவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துபோகிறது. கண் எரிச்சலுக்கு அதுதான் முக்கியக் காரணம், நீல ஒளி அல்ல. சிமிட்டக் காசு வேண்டாம்.

ஒன்று மட்டும் செட்டிங்ஸில் தீராது. எக்செல் கட்டங்களின் நேர்க்கோடு திடீரென்று வளைந்து தெரிந்தாலோ, ஒரு கண்ணில் திரைச்சீலை விழுந்ததுபோலப் பார்வை மறைத்தாலோ, மவுஸை வைத்துவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். நன்றி, வணக்கம்.