மேடையில் மாத்திரை போட்ட அதிபர்! லைப்ரரிக்குள் நடந்த கடைசிப் பேச்சு

வணக்கம் மக்களே!

1972 டிசம்பர் 12. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். வெளியே ரோடெல்லாம் பனிக்கட்டி. உள்ளே ஏறக்குறைய ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கு. 64 வயது மனிதர் ஒருவர் மெதுவாக மேடை ஏறுகிறார். வலியை மறைக்கப் பார்க்கிறார், முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். நைட்ரோகிளிசரின். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை.

அவர் முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சன். ‘போகவே கூடாது’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியும் கேட்காமல் வந்திருக்கிறார். வந்தது பார்லிமென்டுக்கோ தேர்தல் கூட்டத்துக்கோ இல்லை, ஒரு லைப்ரரிக்கு!

லைப்ரரியில் உயிரைப் பணயம் வைத்துப் பேச என்ன இருக்கிறது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். சேனலுக்குப் புதுசு என்றால் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

பண்ணியாச்சா? சரி, வரலாற்றுப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். அதிபர் நூலகம் என்பது புத்தகம் இரவல் வாங்குகிற இடம் இல்லை. ஒரு அதிபரின் கடிதம், கோப்பு, போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துகிற ஆவணக் காப்பகம், கூடவே ஒரு மியூசியம். ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் 1941-ல் நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் தன் வீட்டுப் பக்கத்திலேயே முதலாவதைத் திறந்தார். 1955-ல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. தனியார் நன்கொடையில் கட்டிடம் எழும்பும், தேசிய ஆவணக் காப்பகம் அதை ஏற்று நடத்தும். அவ்வளவுதான், கொட்டாவி விட்டவர்கள் திரும்பி வரலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். பழைய கோப்பைப் பார்க்க யார் வருவார்கள்? முனைவர் பட்ட மாணவர்கள் வருவார்கள், நாலு வரலாற்றாசிரியர்கள் வருவார்கள். குடும்பத்தோடு யாரும் வரமாட்டார்கள். ஆள் வர வேண்டும் என்றால் மேடை போட வேண்டும். அதனால் பேச்சு, விவாதம், கச்சேரி, எழுத்தாளர் சந்திப்பு என்று ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள்.

எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் இருக்கிற ரீகன் நூலகம். மற்றவர்கள் மேடைக்குப் பின்னால் பேனர் கட்டுவார்கள். இவர்கள் நிறுத்தி வைத்திருப்பது ஒரு முழு விமானம்! அதிபர் பயணம் செய்கிற ‘ஏர் ஃபோர்ஸ் ஒன்’ விமானமாகப் பறந்த போயிங் 707. நிக்சனில் ஆரம்பித்து ஏழு அதிபர்களைச் சுமந்தது. பிரித்துக் கொண்டுவந்து, பூட்டி, 2005-ல் பார்வைக்குத் திறந்தார்கள். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடுகிறவர்கள் பல தடவை இந்த லைப்ரரியில் விவாதம் நடத்தியிருக்கிறார்கள். 2015-ல் முக்கிய விவாதத்துக்குப் பதினோரு பேர். டிவியில் விமானம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக உயரமாகச் சாரம் கட்டி மேடையையே தூக்கிவிட்டார்கள். பதினோரு பேரும் ஏற ஆசைப்படுகிற வண்டி பின்னாடியே நிற்கிறது, ஏறப்போவது அதிகபட்சம் ஒருத்தர்தான். இதைவிடக் குசும்பான மேடை அலங்காரம் எங்கேயாவது பார்த்திருந்தால் கமெண்டில் போடுங்கள்.

பாஸ்டனில் இருக்கிற கென்னடி நூலகத்தில் எழுத்தாளர் ஹெமிங்வேயின் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன, அதனால் அங்கே இலக்கிய வாசனை கொஞ்சம் தூக்கல்.

இப்போது ஆஸ்டினுக்கு வருவோம்.

ஜான்சன் பெயரிலான அதிபர் நூலகம். பத்து மாடிக் கட்டிடம். 1971 மே 22 அன்று திறந்தார்கள். உள்ளே பெரிய கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கண்ணாடிக்குப் பின்னால் நாலு மாடி உயரத்துக்குச் சிவப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தங்க நிற முத்திரை. எல்லாம் ஜான்சனின் கோப்புகள். ஜோக் சொல்லுகிற ஜான்சன் இயந்திர பொம்மைகூட ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கிறபோது சிரிப்புக்கு முன்னால் லேசாகப் பயம்தான் வரும்.

பதவியை விட்டு வந்த ஜான்சனுக்கு ஒரு வியாதி இருந்தது: தலை எண்ணுகிற வியாதி. இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், நேற்றைவிடக் கூடவா குறைவா என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். லைப்ரரிக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானம். மேட்ச் நாளில் அங்கே மைக்கில் ஒரு அறிவிப்பு வருகிற மாதிரி ஏற்பாடு செய்தார் மனிதர்: ‘லைப்ரரியில் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, வாருங்கள்!’ அவசரத்துக்கு ஒதுங்க வந்தவர்களும் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். சிரிக்காதீர்கள். வீடியோ போட்டுவிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வியூஸ் பார்க்கிற எனக்கு அவர் மனசு நன்றாகவே புரிகிறது.

ஆனால் 1972 டிசம்பரில் அவர் கூட்டிய கூட்டம் வேறு ரகம். சிவில் உரிமை, அதாவது கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் பற்றிய அவருடைய ஆட்சிக் கோப்புகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், அதையொட்டி இரண்டு நாள் கருத்தரங்கம். உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எர்ல் வாரன், கறுப்பினத் தலைவர்கள் ராய் வில்கின்ஸ், ஜூலியன் பாண்ட், பார்பரா ஜோர்டன் என்று அந்தப் போராட்டத்தின் பெரிய தலைகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பனிப்புயலில் ஆஸ்டினில் விமானம் இறங்க முடியவில்லை. சான் அன்டோனியோவில் இறங்கி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். ஜான்சன் தன் பண்ணை வீட்டிலிருந்து வழுக்குகிற ரோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் காரில் வந்தார்.

சாதனைப் பட்டியல் வாசிப்பார் என்றுதானே நினைப்போம்? கட்டிடமே அவர் பெயரில் இருக்கிறது. 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் இரண்டுமே அவர் கையெழுத்து. ஆனால் அவர் சொன்னது இது: நாம் செய்ததைப் பற்றி இரண்டு நாள் பேசிவிட்டுப் போக இந்தக் கருத்தரங்கை நான் விரும்பவில்லை. முன்னேற்றம் ரொம்பக் குறைவு. ஆறு வருஷம் கையில் இருந்தும் இதற்குமேல் செய்ய முடியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தன் பெயர் எழுதிய மேடையில் நின்று ‘வெட்கமாக இருக்கிறது’ என்று சொன்ன அரசியல்வாதியை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? இந்த லைப்ரரியில் இருக்கிற 3 கோடியே 10 லட்சம் காகிதங்களில் என்னுடைய மனசு அதிகமாக அடங்கியிருப்பது இந்தக் கோப்புகளில்தான் என்றும் சொன்னார்.

அதோடு முடியவில்லை. பேச்சாளர் பட்டியலில் இல்லாத சிலர் எங்களுக்கும் மைக் வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். ஜான்சனுக்கு அடுத்து அதிபரான நிக்சன் அப்போதுதான் பெரிய வெற்றியோடு மறுபடி ஜெயித்திருந்தார். சிவில் உரிமை விஷயத்தில் அவரைக் கண்டிக்காமல் என்ன கருத்தரங்கம் என்பது அவர்கள் கேள்வி. அவர்களுக்கும் பேச இடம் கிடைத்தது. மாத்திரை போட்டுப் பேசி முடித்த ஜான்சன் மறுபடி மைக்குக்கு வந்தார். ஒன்றாகச் சேருங்கள், கோரிக்கையை முடிவு செய்யுங்கள், அதிபரிடம் நேரில் போய் நியாயம் பேசுங்கள், திட்டிக்கொண்டே ஆரம்பிக்காதீர்கள் என்று பழைய நாட்களைப் போல ஆளை வழிக்குக் கொண்டுவரும் பேச்சு. என்னைக் கேட்டால், எழுதி வைத்துப் படித்த உரையைவிட இந்தச் சில நிமிஷம்தான் அசல் ஜான்சன்.

அதே லைப்ரரியில் 2014 ஏப்ரலில், சிவில் உரிமைச் சட்டத்தின் 50-வது ஆண்டுக்கு, கார்ட்டர், கிளின்டன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஒபாமா நாலு பேரும் வந்து பேசினார்கள். பிரமாதமான ஏற்பாடு. பனியும் இல்லை, சண்டையும் இல்லை.

1973 ஜனவரி 22. அந்தப் பேச்சு முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, பண்ணை வீட்டில் மாரடைப்பில் ஜான்சன் இறந்துபோனார். உடலை வாஷிங்டனுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இந்த லைப்ரரியின் பெரிய கூடத்தில், அந்தச் சிவப்புப் பெட்டிகளுக்குக் கீழே வைத்தார்கள். ராத்திரி முழுக்க ஜனங்கள் வரிசையில் வந்தார்கள். நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன் வருகிறவர்களை ஒருவர் விடாமல் எண்ணச் சொன்னார். சுமார் 32,000 பேர்.

இந்த நேரத்தில் எதற்கு எண்ணிக்கை என்று யாரோ கேட்டார்கள்.

“என்றைக்காவது, எங்கேயாவது அதிபர் ஜான்சன் என்னிடம் இதைக் கேட்பார், அதனால்தான்” என்றார் மிடில்டன்.