அப்பச்சியைக் கரையில் தேடுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மறைந்த தாயின், நம் செட்டிநாட்டில் அப்பச்சி என்று அழைக்கும் தந்தையின் நினைவு நிலைப்பது முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டிலா, ஊருணிக் கரையிலா என்பது தலைப்பு. கரையில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். பங்காளிகள் கூடிப் படைப்பதைச் சொன்னார். பிள்ளையார் நோன்பில் 21 நூல் திரித்த இழையைப் பெரியவர் கையால் வாங்குவதைச் சொன்னார். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பேரப்பிள்ளைக்கு என்ன வேலை? படைக்கும் வரை பசி, படைத்ததும் பந்தி, பந்தி முடிந்தால் போன்! ஐயா, அதாவது தாத்தா, படத்தில் இருக்கிறார், அவன் திண்ணையில் இருக்கிறான். இடையில் ஒன்றும் நடக்கவில்லை.

அதே பிள்ளையை மகாளய அமாவாசை மாலையில் கரைக்குக் கூட்டிப் போங்கள். கையில் பனங்கொட்டை கொடுங்கள்.

நம் சீமையில் ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுகிறது. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. பொறுக்கி நிழலில் போட்டு வைத்தால் புரட்டாசிக்குத் தயார். முதல் நாள் இரவே தொட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பது பொக்கு, எடுத்து எறியுங்கள். செம்புறாங்கல் தரையில் காய்ந்த நாளில் கடப்பாரை இறங்காது. ஒரு மழை பெய்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாலு குடம் ஊற்றி ஊறவிட்டுத் தோண்ட வேண்டும். ஓரடி ஆழம், குழிக்குக் குழி பத்தடி. மேலாக விட்டால் பன்றி கிளறிவிடும். நீர் நிற்கும் உட்சரிவில் வைத்தால் அழுகும். வரத்துக் கால்வாயின் வாயில் வைத்தால் ஊரே திட்டும். ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடுவதும் நல்லது, தூர்வார வரும் பொக்லைனுக்கு இது நம் அப்பச்சி நினைவு என்று தெரியாதல்லவா?

இனிமேல்தான் விஷயம். பல விதைகளில் சில நாளிலேயே முளை மேலே தெரியும். பனை முதலில் கீழே போகும். கொட்டையிலிருந்து குழாய்போல ஒரு முளை மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில் கிழங்கு கட்டும். அந்தக் கிழங்கிலிருந்துதான் பிறகு இலை மேலே வரும். அதற்குப் பல மாதம் பிடிக்கும். பொங்கலுக்கு வந்த அவசரக்கார மருமகன், "ஒன்னையும் காணோமே" என்று தோண்டினால் கையில் கிழங்கு வரும், மரம் போகும். அவித்துத் தின்னலாம், அவ்வளவுதான்! அதனால் குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள்.

ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். அதுவரை சிங்கப்பூரில் இருப்பவனும் சென்னையில் இருப்பவனும் வந்து பார்த்துத்தானே ஆக வேண்டும்? வந்தால் பேச்சு வரும். "ஐயா இங்க குளிப்பாகளா? நீச்சல் தெரியுமா?" என்று பிள்ளை கேட்கும். படத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி வராது. அங்கே வாயை மூடிக் கும்பிடத்தானே சொல்கிறோம்!

எதிரணித் தோழர் ஒருவர், எண்பது வயது ஆச்சி கரைக்கு எப்படி நடப்பார்கள் என்று கேட்டார். நடக்க வேண்டாம். புங்கமர நிழலில் நாற்காலி போடுங்கள். எது முற்றிய கொட்டை, எது சொத்தை என்று ஆச்சியைவிட யாருக்குத் தெரியும்? சோற்றுக்கும் கவலை வேண்டாம். புளிச்சோறு இருட்டும்வரை தாங்கும். தேங்காய்ச் சட்டினியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், புரட்டாசிப் புழுக்கத்தில் ஊசிப் போகும்.

இன்னொன்று. எதிரணி வீடு வேறு, கரை வேறு என்று பிரித்துப் பேசியது. முற்றத்தில் விழும் மழையை வடிகால் வழியே ஊருணியில் சேர்த்த ஊர்கள் நம் ஊர்கள். பல இடத்தில் அந்த வடிகால் மண்ணடைத்துக் கிடக்கிறது. படைப்புக்கு வெள்ளையடிக்கும் கை ஒரு மண்வெட்டியோடு தெருப்பக்கம் போய் அதையும் வாரட்டும். அப்பச்சி உயிரோடு இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். தீர்ப்பைக் கரைப்பக்கம் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.