ஆளில்லாத ஆடை: ஹோலரின் ரோமக் கைச்சுருள்கள்

[திரை: படம் முழுவதும். சில விநாடிகள் பேச்சில்லை.]

பூனைகள் சுருண்டு படுத்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். பூனை இல்லை. குளிர்காலத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகள் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்ட, விலங்கு ரோமத்தாலான உறைகள். தலையணை உறையை இரு பக்கமும் திறந்துவிட்டதுபோல இருக்கும், பெயர் மஃப், அதாவது கைச்சுருள். கூடவே லேஸ் வைத்த துணி, கையுறை, விசிறி, முகத்தில் வெயிலும் காற்றும் படாமலிருக்க ஒரு பாதி முகமூடி. போட்டுக்கொள்ளும் பெண்ணைத்தான் காணோம்.

வரைந்தவர் வென்செஸ்லாஸ் ஹோலர். 1607இல் பிராகில் பிறந்து, அரண்டெல் பிரபுவின் ஆதரவில் லண்டனுக்கு வந்தவர். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டபின் 1644இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப்புக்குப் போய்விட்டார். இந்தப் படம் 1647ஆம் ஆண்டுடையது. ஆங்கிலேயப் பெண்களின் உடைகளை 1640இலேயே 26 படங்களாக வெளியிட்டிருந்தார். அவை நேர்த்தியானவைதான், ஆனால் அந்தப் பெண்களைவிட இந்த ரோமத்துக்குத்தான் உயிர் அதிகம் என்பேன்.

[நெருக்கக் காட்சி: ரோமத்தின் ஓரம்.]

உறையின் எல்லைக்கோட்டைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. ரோம நுனிகள் எங்கே நிற்கின்றனவோ, அதுதான் ஓரம். கோடுகள் ஒரே பக்கம் சாய்வதில்லை. மடிப்பு வரும் இடத்தில் திசை மாறுகின்றன, கையால் எதிர்த்துத் தடவிவிட்டதுபோல.

[திரை: தகட்டில் ஊசி ஓடும் வரைபடம்.]

இது அமிலம் அரித்த கோடு. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு. அதை ஊசியால் கீறினால் செம்பு தெரியும். அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் மட்டும் குழியும். அதிக நேரம் அரித்தால் தடித்த கோடு, சற்று நேரத்தில் எடுத்தால் மெல்லிய கோடு. குழியில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அச்சில் அழுத்த வேண்டும்.

[மீண்டும் ரோமம். இன்னும் நெருக்கமாக.]

இப்போது அந்தப் பளபளப்பைப் பாருங்கள். அங்கே வெள்ளை மை ஏதுமில்லை. ஊசி படாமல் விட்ட வெறும் தாள். இருப்பது கறுப்பு மை ஒன்றுதான், ஆனாலும் எனக்கு அந்த ரோமம் பழுப்பாகத்தான் தெரிகிறது.

இத்தனையும் சுமார் 11 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலத்துக்குள். ஹோலருக்குக் கிட்டப்பார்வை. மணிக்கு நான்கு பென்னி கூலிக்கு, மணற்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார் என்பார்கள். யாராவது பேச வந்தால், அந்த நேரம் கூலிக் கணக்கில் சேராதபடி கடிகாரத்தைப் படுக்கவைத்துவிடுவாராம்.